உ.வே.சா. பதிப்பித்த குறுந்தொகை: கவிதை எழுதுகிறவர்கள் வாங்க வேண்டிய புத்தகம்

கவிதை எழுதுகிற பெண் என்று தெரிந்ததும் என்னிடம் முதலில் வருகிற கேள்வி, "இது உங்க சொந்த அனுபவமா?" என்பதுதான். எனக்குக் கும்பகோணத்தில் வங்கி வேலை. எழுதுவது பெரும்பாலும் காதலும் பிரிவும். இலக்கியக் கூட்டத்திலும் கேட்கிறார்கள், கல்யாணப் பந்தியிலும் கேட்கிறார்கள். ஆமாம் என்றால் வம்பு. இல்லை என்றால், அப்போது மனசில் இல்லாததையா எழுதினாய் என்று அடுத்த கேள்வி. எழுதுகிறவர் யார், கவிதைக்குள் 'நான்' என்று பேசுகிறவர் யார் என்ற இந்தச் சிக்கலுக்கு எனக்குத் தெரிந்தவரை மிகத் தெளிவாக வழிகாட்டும் புத்தகம் குறுந்தொகை என்ற சங்க காலக் காதல் பாடல் தொகுப்பு. அதிலும் உ.வே.சாமிநாதையர் உரையெழுதி 1937-இல் வெளியிட்ட பதிப்பு.

குறுந்தொகைக்கு அது முதல் அச்சு அல்ல. 1915-இலேயே சௌரிப்பெருமாள் அரங்கன் தம் உரையோடு பதிப்பித்துவிட்டார். பேராசிரியர் என்ற பழைய உரையாசிரியர் எழுதிய உரை கிடைக்காமல் போய்விட்டதால், ஐயர் தாமே புதிதாக உரை எழுதினார். அப்போது அவருக்கு 82 வயது. கடவுள் வாழ்த்தைத் தவிர்த்து 401 பாடல்கள். பெரும்பாலும் நாலு முதல் எட்டு அடி. ஒவ்வொன்றுக்கும் பதவுரை, முடிபு, கருத்து, விசேடவுரை, பிற நூல்களில் அது மேற்கோளாக வந்த இடங்கள், ஒப்புமைப் பகுதி என்று போகிறது. ஐந்து அடிப் பாட்டுக்கு இவ்வளவா என்று முதலில் மலைப்பாக இருக்கும். பழகிவிட்டால் வேறு பதிப்பு கையில் நிற்காது.

எனக்கு முக்கியமானது, ஒவ்வொரு பாடலோடும் வரும் இரண்டு சிறு குறிப்புகள். ஒன்று கூற்று, அதாவது யார் யாரிடம் எந்த நிலையில் சொன்னது என்பது: தலைவி தோழியிடம், தலைவன் தன் நெஞ்சிடம், இப்படி. இன்னொன்று, பாடியவர் பெயர். ஒரே பக்கத்தில் இரண்டு ஆட்கள். பேசுகிறவர் ஒருவர், எழுதியவர் வேறொருவர். இரண்டையும் குழப்பிக்கொள்ளாதே என்று பக்கத்துக்குப் பக்கம் கண்ணில் படுகிறது. புத்தகக் கடையில் ஒரு மலிவுப் பதிப்பைப் புரட்டிப் பார்த்தேன். கூற்றும் இல்லை, புலவர் பெயரும் இல்லை, வெறும் பாடலும் பொழிப்பும்தான். அதைப் பரிசாகக் கொடுத்தால்கூட வாங்காதீர்கள். பாதி கவிதையை வெட்டி எறிந்த மாதிரி அது.

இந்தப் பிரிவினைக்குப் பின்னால் தொல்காப்பியர் வைத்த விதி இருக்கிறது: "சுட்டி ஒருவர்ப் பெயர்கொளப் பெறாஅர்." அகப்பாட்டில், அதாவது காதல் பாட்டில், தலைவன் தலைவி யார் என்று பெயர் சொல்லிக் காட்டக்கூடாது. நெடுநல்வாடை என்ற சங்கப் பாட்டில் யார் பெயரும் இல்லை. ஆனால் பாண்டியருக்குரிய வேம்பு வேலில் கட்டியிருப்பதாக வருகிறது. அடையாளம் தெரிந்துவிட்டதே என்று அதை அகத்திலிருந்து எடுத்து, போரும் அரசரும் பாடப்படும் புறத்தில் வைத்தார் உரையாசிரியர் நச்சினார்க்கினியர். அவ்வளவு கண்டிப்பு.

சரி, சொந்தப் பெயருக்கு இடமில்லாத கவிதையில் எழுதியவரின் தனித்தன்மை எங்கே போகிறது? 54-ஆம் பாடலைப் பாருங்கள். "யானே ஈண்டையேனே" என்று ஆரம்பிக்கிறாள் தலைவி. நான் இங்கே இருக்கிறேன். என் நலமோ அவனோடு அங்கேயே தங்கிவிட்டது. நடுவில் அவன் நாட்டைப் பற்றி ஒரு காட்சி. தினைப்புனம் காக்கிறவர்கள் கவண் வீசுகிறார்கள். சத்தத்தில் மிரண்ட காட்டு யானை, வளைத்துப் பிடித்திருந்த பச்சை மூங்கிலைச் சட்டென்று விட்டுவிடுகிறது. மூங்கில் விருட்டென்று மேலே எழுகிறது, மீன் கடித்ததும் வெடுக்கென்று தூக்கும் தூண்டில் மாதிரி. அவன் என்னை வளைத்தான், ஒரு சத்தத்துக்குப் பயந்து கைவிட்டான் என்று அவள் ஒரு வார்த்தை சொல்லவில்லை. மூங்கில்தான் சொல்கிறது. பாடியவர் பெயர் மீனெறி தூண்டிலார். சொந்தப் பெயர் தொலைந்துபோய், அந்த உவமையே பெயராக நின்றுவிட்டது. ஆணா பெண்ணா, எந்த ஊர், எதுவும் தெரியாது. ஆனால் தூண்டில் எழும்பும் வேகத்தை உன்னிப்பாகப் பார்த்து, அதை மலைக்காட்டு மூங்கிலில் கண்டுபிடித்த ஒருவர் என்று உறுதியாகத் தெரிகிறது. அந்தக் கண் வேறு யாருக்கும் இல்லை. எழுதியவரின் 'நான்' அங்கே இருக்கிறது என்றுதான் எனக்குப் படுகிறது.

இந்த மாதிரிப் பெயர்கள் குறுந்தொகையில் நிறைய: செம்புலப் பெயல்நீரார், அணிலாடு முன்றிலார், கல்பொரு சிறுநுரையார், குப்பைக் கோழியார். 131-ஐப் பாடியவர் ஓரேருழவனார். ஊரிலிருக்கும் அவளிடம் போகத் தவிக்கும் தலைவன் நெஞ்சுக்கு அவர் சொன்ன உவமை, நிலம் ஈரமாகி உழவுக்குப் பதமாக நிற்க, ஒரே ஒரு ஏர் மட்டும் வைத்திருக்கிற உழவன். ஈரம் காய்வதற்குள் முடித்தாக வேண்டும். எங்கள் பக்கத்தில் சம்பா வேலை தொடங்கும் நாளில் உழவு வண்டிக்கு முறை காத்து நிற்கிறவர்களுக்கு இந்தத் தவிப்பை விளக்க வேண்டியதில்லை. பின்பகுதியில் உள்ள உரையைவிட, முன்னால் இருக்கும் 'பாடினோர் வரலாறு'தான் எனக்கு அதிகம் பிடித்தது. இப்படிப்பட்ட புலவர்களுக்குப் பெயர் வந்த காரணத்தைச் சொல்லிவிட்டு ஐயர் நிறுத்திக்கொள்கிறார். இல்லாத வாழ்க்கைக் கதையைப் புனைந்து நிரப்பவில்லை. பதிப்பாசிரியருக்கு இதைவிடப் பெரிய நேர்மை வேண்டுமா!

ஆனால் விஷயம் இத்தோடு முடிந்துவிடவில்லை. 31-ஆம் பாடல் ஆதிமந்தியார் பாடியது. வீரர் கூடும் விழாவிலும் பெண்கள் ஆடும் துணங்கைக் கூத்திலும் எங்கேயும் அவனைக் காணவில்லை. நானும் ஒரு ஆடுகள மகள், என் வளையை நெகிழவைத்த அவனும் ஒரு ஆடுகள மகன் என்கிறது. கூற்றுக் குறிப்பின்படி, அயலார் பெண் கேட்டு வரும்போது தன் காதலைத் தலைவி தோழிக்கு வெளிப்படுத்துவது. ஆனால் ஆதிமந்தி கரிகாலன் மகள் என்றும், காவிரி கொண்டுபோன கணவனைத் தேடி அலைந்தவள் என்றும் நமக்கு ஒரு கதை உண்டு. அந்தக் கதை தெரிந்தவர்கள் இந்தப் பாட்டை வெறும் துறையாக, மரபு வகுத்த ஒரு சூழ்நிலையாக மட்டும் படிக்க முடிவதில்லை. அகநானூறு 45-இல் வெள்ளிவீதியார், ஆதிமந்தி போல நானும் அலைந்து திரிவேனோ என்று பாடுகிறார். அகநானூறு 147-இல் ஔவையார், வெள்ளிவீதியைப் போல நானும் கிளம்பிவிட நினைக்கிறேன் என்று பாடுகிறார். ஒரு பெண் எழுதுகிறார். அடுத்தவர் பாட்டில் அவரே உவமையாகிறார். தலைவிக்குத்தான் பெயர் கூடாது, உவமைக்குக் கூடாது என்று விதி இல்லை. அந்த இடைவெளியில் மூன்று பேரும் ஒருவரையொருவர் பெயர் சொல்லிக் கூப்பிட்டுக்கொள்கிறார்கள். வெள்ளிவீதியாரின் துயரம் அவருடையதுதானா என்று சொல்ல முடியாது. அவர் மறைத்துக்கொள்ள ஒரு தலைவி இருந்தாள், அந்த மறைவில் அவர் எவ்வளவு வேண்டுமானாலும் பேச முடிந்தது. இன்று எழுதுகிற பெண்களுக்கு அந்த மறைவு இல்லையே என்பது எனக்கு உண்மையாகவே வருத்தம்.

குறைகள் என்றால், உரைநடை பழையது. சந்தி பிரிக்காத நீண்ட வாக்கியங்கள். ஒப்புமைப் பகுதியில் நூல் பெயர்களெல்லாம் சுருக்கக் குறியீடுகளில் வரும்; முன்னாலுள்ள முகவுரை விளக்கங்களைப் பார்த்துப் பழகிக்கொள்ள வேண்டும். சங்கப் பாடலையே முதல்முறை தொடுகிறவர்கள் எளிய உரை ஒன்றைப் பக்கத்தில் வைத்துக்கொள்வது நல்லது. பையில் போட்டுக்கொண்டு பஸ்ஸில் படிக்கிற புத்தகமும் அல்ல இது.

சென்னை பெசன்ட் நகரில் உள்ள டாக்டர் உ.வே.சா. நூல்நிலையம் ஐயரின் பதிப்புகளை வெளியிட்டு வருகிறது. வாங்குவதற்கு முன்னால் இருப்பு உண்டா என்று கேட்டுக்கொள்ளுங்கள். காசு செலவழிக்க யோசிப்பவர்கள் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் தளத்தில் இலவசமாகப் படித்துப் பார்க்கலாம். ஆனால் பாடலுக்கும் பாடினோர் வரலாற்றுக்கும் மாற்றி மாற்றிப் போய்வர அச்சுப் புத்தகம்தான் வசதி. முதல் பாடலிலிருந்து வரிசையாகப் போக வேண்டாம். 54, 131, 41, அப்புறம் 31. ஒவ்வொன்றையும் முதலில் கூற்றைப் பார்க்காமல் படியுங்கள், பிறகு கூற்றோடு, கடைசியில் பாடியவர் பெயரோடு.