சருகு வெட்டித்தரும் மெசின்: ஒரு சோளகம் பார்த்த பிறகு

எங்கள் வளவு மாங்குளத்திலிருந்து ஒட்டுசுட்டான் போகும் வழியில் இருக்கிறது. ஒன்பது தேக்கு, மூன்று வேம்பு. சோளகக் காற்று தொடங்கினால் விடிய எழும்பிக் கதவைத் திறக்க முற்றம் தெரியாது, சருகுதான் தெரியும். மாமி இருந்தவரை கூட்டிக் குவித்து நெருப்பு வைப்பா. நானும் அப்படித்தான் செய்துவந்தேன். 2021 மே மாதம் இலங்கை அரசாங்கம் இரசாயன உர இறக்குமதியை நிறுத்தின நேரம், எரிக்கிறதை நானும் நிறுத்தினேன்.

ஆனால் முழுச் சருகை அப்படியே பாத்திக்கு மேல் பரப்பினால் பலன் குறைவு. தேக்கிலை பெரிசு. ஒன்றின்மேல் ஒன்று ஓடு வேய்ந்தமாதிரிப் படுத்துவிடும், ஊற்றுகிற தண்ணீர் மேலால் வழிந்து ஓடும். காற்றுக்கு அரைவாசி வேலிக்கு அப்பால் போய்விடும்.

இந்த முறை, மாட்டுக்குக் கோ-3 புல்லு வெட்டுகிற மெசினை லாண்ட்மாஸ்டர் (இரண்டு சில்லு உழவு மெசின்) பெட்டியில் ஏற்றி வருகிற ஒரு தம்பியைக் கூப்பிட்டேன். மணித்தியாலத்துக்கு 1500 ரூபா, பெற்றோல் அவருடையது. இரண்டு மணித்தியாலத்தில் 26 உரப்பை நிறைந்தது.

"அன்ரி, காய்ஞ்சதெண்டால் எவ்வளவும் போடலாம். ஈரமெண்டால் கத்தியில சுத்திப்போடும்" என்று முதலே சொன்னவர். குவியலின் அடியில் கொஞ்சம் ஈரம் இருந்திருக்கிறது. சொன்னமாதிரியே சுற்றி, இருபது நிமிசம் நின்றுபோனது. அந்த இருபது நிமிசத்துக்கும் காசு எடுத்தது எனக்குச் சரியாகப் படவில்லை. கத்தியும் சாணை பிடிக்காத கத்தி.

வேலையில் குறையில்லை. அள்ளிப் பார்த்தேன்: விரல் அகலத் துண்டுகள், நடு நரம்பு மட்டும் குச்சியாக நின்றது. கத்தரிப் பாத்திக்கு மூன்று அங்குலம் போட்டேன், பக்கத்துப் பாத்தியை வெறுமனே விட்டேன். மூன்று கிழமைக்குப் பிறகு விரலை விட்டுப் பார்த்தால் வெறும் பாத்திச் செம்மண் ஓடுமாதிரி இறுகி நகத்தை நோகப்பண்ணியது. மூடின பாத்தியில் விரல் இரண்டாம் கணு வரைக்கும் இறங்கியது, குளிர்ந்திருந்தது. சருகின் அடியில் வெள்ளை நூல்மாதிரிப் பூஞ்சணம் ஓடி, துண்டுகளைப் பின்னி வைத்திருந்தது. தினமும் ஊற்றின தண்ணீரை இப்போது மூன்று நாளுக்கு ஒருக்கால் ஊற்றுகிறேன். குழாய்க்கிணற்றில் ஆவணியில் தண்ணீர் இறங்குகிற எங்களுக்கு இது பெரிய விசயம்.

கனடாவில் இருக்கிற என் தம்பியும் ஒக்டோபரில் மேப்பிள் இலையைப் புல்வெட்டும் மெசினால் அரைத்துப் பாத்திக்குப் போடுகிறவன். அங்கே பனிக்கு மண் உறைந்து உருகி வேரைக் கிளப்பாமல் இருக்க. இங்கே வெயிலுக்கு. இலை ஒன்றுதான்.

கூப்பிடுகிற ஆட்களுக்கு: தென்னம்பிள்ளைக்குப் போடும்போது தண்டிலிருந்து ஒரு சாண் தள்ளிப் போடுங்கள். ஒட்டிப் போட்டால் கறையான் வரும், எனக்கு ஒரு தென்னங்கன்று பட்டுப்போனது அப்படித்தான். வெட்டின சருகை மண்ணோடு கொத்திப் புதைக்கவும் வேண்டாம், உக்கும்வரை மண்ணின் நைதரசனை அதுவே எடுத்துக்கொள்ளும். மேலேயே கிடக்கட்டும். வீட்டுச் சுவரோடு குவிக்காதீர்கள், புடையன் பாம்பு படுக்கும்.

புரட்டாசியில், மாரி மழை பிடிக்க முன்னம், மெசின்காரத் தம்பியைத் திரும்ப வரச் சொல்லியிருக்கிறேன். கத்தியைத் தீட்டிக்கொண்டு வரவேணும் என்றும், மெசின் நிற்கிற நேரத்துக்குக் காசு இல்லை என்றும் பேசிவிட்டேன். அவரும் ஓம் என்றவர். குவியலுக்கு மேல் இப்போதே படங்கு போட்டு வைத்திருக்கிறேன்.