குரூப் பையா, ஓவரா? எஸ்கியூஎல்லில் கூட்டிக் கணக்கிட இரண்டு வழிகள்

நாடு வாரியாக விற்பனைத் தொகை வேண்டும் என்றால், தரவுத்தளத்திடம் கேள்வி கேட்கும் மொழியான எஸ்கியூஎல்லைக் கற்ற எவருடைய கையும் தானாகவே குரூப் பை (ஒரே மதிப்புள்ள வரிகளை ஒரு வரியாகச் சுருக்கும் கட்டளை) என்று எழுதிவிடும். ஒவ்வொரு பில்லுக்கும் பக்கத்தில் அந்த நாட்டின் மொத்தத்தையும் காட்டச் சொன்னால்தான் தடுமாற்றம் தொடங்குகிறது. குரூப் பை போட்டால் பில்கள் மறைந்துவிடுகின்றன; போடாவிட்டால் மொத்தம் கிடைப்பதில்லை. கடைசியில் ஒரு துணை வினவலில் கூட்டி, அதை மூல அட்டவணையோடு மீண்டும் இணைத்து, நீளமான ஒன்றை எழுதிவிடுகிறார்கள். தொகையைக் கூட்டும் சம் சார்புக்குப் பின்னால் ஓவர் என்று சேர்த்து, அடைப்புக்குள் பார்ட்டிஷன் பை நாடு என்று எழுதியிருந்தால் போதும்.

எதைக் கூட்ட வேண்டும் என்ற கேள்வியிலிருந்து தொடங்குவதால் வரும் சிக்கல் இது. விடையில் எத்தனை வரிகள் இருக்க வேண்டும் என்பதை முதலில் முடிவு செய்தால், எந்த வழி என்பது பெரும்பாலும் தானாகவே தெளிந்துவிடும்.

சினூக் என்ற மாதிரித் தரவுத்தளத்தை எடுத்துக்கொள்வோம். இசை விற்கும் கற்பனைக் கடை ஒன்றின் கணக்கு அது. இலவசமாகக் கிடைக்கிறது, போஸ்ட்கிரெஸ், மைஎஸ்கியூஎல், எஸ்கியூலைட் ஆகிய தரவுத்தள மென்பொருள்கள் எதிலும் ஏற்றிப் பார்க்கலாம். அதில் 59 வாடிக்கையாளர்கள், 412 பில்கள், மொத்த விற்பனை 2,328.60 டாலர். நாடு வாரியாகக் குரூப் பை செய்தால் 412 வரிகளும் 24 வரிகளாகச் சுருங்கும். முதலிடத்தில் அமெரிக்கா, 523.06, அடுத்து கனடா, 303.96. ஓவர் வழியில் கூட்டினால் இதே தொகைகள் வரும். ஆனால் 412 வரிகளும் அப்படியே நிற்கும். அமெரிக்காவின் 91 பில்களிலும் 523.06 என்று திரும்பத் திரும்ப எழுதியிருக்கும்.

அறிக்கைக்கும் வரைபடத்துக்கும் சுருக்கம் மட்டும் போதும். அங்கே குரூப் பைதான் சரியான தேர்வு. ஓவரில் கணக்கிட்டு, பிறகு டிஸ்டிங்க்ட் போட்டு நகல் வரிகளை நீக்கும் பழக்கம் பல இடங்களில் காணப்படுகிறது. விடை சரியாகவே வரும். ஆனாலும் அதை விட்டுவிட வேண்டும் என்பேன். குரூப் பை செய்யும்போது தரவுத்தளம் குழுவுக்கு ஒரு கணக்கை மட்டும் நினைவில் வைத்து ஓட முடியும். போஸ்ட்கிரெஸ் போன்றவற்றில் விண்டோ சார்புக்கு (ஓவர் சேர்த்து எழுதும் சார்புக்கு அதுதான் பெயர்) வரிகளைப் பார்ட்டிஷன் படி, அதாவது குழு வாரியாக, அடுக்கித் தர வேண்டியிருக்கிறது. 412 வரிகளில் இந்த வேறுபாடு தெரியாது. கோடிக்கணக்கான வரிகளில் நினைவகம் போதாமல் அடுக்கும் வேலை வட்டுக்கு இறங்கினால் நன்றாகவே தெரியும்.

வரி ஒவ்வொன்றும் தன் குழுவோடு ஒப்பிடப்பட வேண்டிய இடங்கள் ஓவருக்கு உரியவை. இந்த பில் அந்த நாட்டின் சராசரியைவிடப் பெரியதா, இந்த வாடிக்கையாளர் தன் நாட்டில் எத்தனையாவது இடம், இன்று வரையான ஓடு மொத்தம் என்ன என்பன போன்ற கேள்விகளைக் குரூப் பையால் கேட்பது வீண் சிரமம்.

இரண்டையும் எதிரெதிராக நிறுத்தும்போது ஓர் உண்மை மறைந்துவிடுகிறது. வினவல் ஓடும் வரிசையில் வேர் (WHERE) முதலில் வரிகளை வடிகட்டும், பிறகு குரூப் பை சுருக்கும், பிறகு ஹேவிங் குழுக்களை வடிகட்டும், அதற்கும் பிறகே விண்டோ சார்புகள் ஓடும். எனவே சுருங்கிய விடையின் மேலேயே ஓவரை வைக்கலாம். நாடு வாரியாகக் குரூப் பை செய்து, சம்முக்குள் சம் எழுதி, வெளிச் சம்முக்கு அடைப்புக்குள் எதுவும் இல்லாத வெற்று ஓவர் கொடுத்தால், ஒவ்வொரு நாட்டின் வரியிலும் உலக மொத்தம் வந்து நிற்கும். வகுத்துப் பார்த்தால் அமெரிக்காவின் பங்கு 22.46 சதவீதம். சம்முக்குள் சம் என்று முதலில் பார்ப்பவருக்குப் பிழை போலத் தோன்றும். ஓடும் வரிசை தெரிந்தால் அதைவிட இயல்பான எழுத்து இல்லை.

அதே வரிசைதான் ஓவரின் பெரிய குறைக்கும் காரணம். வேர் முன்பே முடிந்துவிடுவதால், குழுவில் எத்தனையாவது இடம் என்று சொல்லும் ரேங்க் சார்பில் 1 வந்த வரிகள் மட்டும் வேண்டும் என்று வேரில் எழுத முடியாது. உள்ளே கணக்கிட்டு வெளியே வடிகட்ட இன்னொரு அடுக்கு தேவை. டெராடேட்டா, ஸ்னோஃபிளேக், பிக்குவெரி, டக்டிபி ஆகியவற்றில் இதற்கென்றே குவாலிஃபை உண்டு. குரூப் பைக்கு ஹேவிங் எப்படியோ, ஓவருக்குக் குவாலிஃபை அப்படி. போஸ்ட்கிரெஸ், மைஎஸ்கியூஎல் பயன்படுத்துவோர்க்கு அந்த வசதி இல்லை.

ஒவ்வொரு நாட்டிலும் அதிகம் வாங்கியவர் யார் என்று கேட்கும்போது தேர்வு இன்னும் நுட்பமாகிறது. சினூக்கில் பிரிட்டனின் மூன்று வாடிக்கையாளர்களும் சரியாக 37.62 டாலருக்கே வாங்கியிருக்கிறார்கள். ரேங்க் எழுதினால் மூவரும் முதலிடம். வரிகளுக்கு 1, 2, 3 என்று எண் தரும் ரோ நம்பரை எழுதி முதல் எண்ணை எடுத்தால் ஒருவர் மட்டும் மிஞ்சுவார். வரிசைப்படுத்த வேறு அளவுகோல் கொடுக்காவிட்டால், அந்த ஒருவர் யார் என்பதற்கு எந்த உத்தரவாதமும் இல்லை. பரிசு தரும் பட்டியலில் இது இருவருக்கு இழைக்கும் அநீதி. சமநிலைக்கு என்ன செய்வது என்பதைக் கேட்டவரிடமே திருப்பிக் கேட்க வேண்டும். அந்த முடிவைத் தரவுத்தளத்திடம் விடக்கூடாது.

ஓடு மொத்தத்திலும் சமநிலை தொல்லை தருகிறது. ஓவருக்குள் ஆர்டர் பை தேதி என்று மட்டும் எழுதினால், கூட்டும் வரம்பு ரேஞ்ச் (ஒரே தேதியுள்ள வரிகளை ஒன்றாகச் சேர்ப்பது) என்றே எடுத்துக்கொள்ளப்படும். ஒரே தேதியில் இரண்டு பில்கள் இருந்தால், இரண்டின் தொகையும் சேர்ந்த மொத்தம் இரண்டு வரிகளிலும் ஒன்றாகவே வரும். பில்லுக்குப் பில் ஏற வேண்டுமானால் வரம்பை ரோஸ் (ROWS, வரி வரியாகக் கூட்டுவது) என்று வெளிப்படையாக எழுதி, வரிசையில் பில் எண்ணையும் சேர்க்க வேண்டும்.

எந்த வழியும் காப்பாற்றாத தவறு ஒன்று உண்டு. பில் அட்டவணையை 2,240 வரிகள் கொண்ட பில் உருப்படி அட்டவணையோடு இணைத்துவிட்டு, பில் தொகையைக் கூட்டுவது. 14 பாடல்கள் கொண்ட 13.86 டாலர் பில் 14 முறை எண்ணப்பட்டு 194.04 ஆகிவிடும். குரூப் பை, ஓவர் இரண்டும் இதே தவறான தொகையைத்தான் தரும். இணைப்பதற்கு முன்பே கூட்டிவிட வேண்டும். நல் (NULL, நிரப்பப்படாத வெற்றிடம்) மதிப்பும் இரண்டுக்கும் பொதுவானது: வாடிக்கையாளர் அட்டவணையில் எல்லா வரிகளையும் எண்ணும் கவுண்ட் நட்சத்திரம் 59 என்று சொல்லும், நிறுவனப் பெயர் நெடுவரிசையைக் கவுண்ட் செய்தால் 10தான் வரும், மற்றவை நல்.

வேறுபட்ட மதிப்புகளை எண்ணுவதில் மட்டும் குரூப் பை தெளிவாக முந்துகிறது. கவுண்டுக்குள் டிஸ்டிங்க்ட் எழுதி அதற்கு ஓவரும் கொடுப்பதைப் போஸ்ட்கிரெஸ், மைஎஸ்கியூஎல், எஸ்கியூலைட் மூன்றும் ஏற்பதில்லை.

இனி, ஒவ்வொரு வாடிக்கையாளரின் கடைசி பில். குரூப் பையும், மிகப் பெரிய மதிப்பைத் தரும் மேக்ஸும் தேதியைத் தரும்; அந்த பில்லின் தொகையைத் தராது. தொகையையும் சேர்த்து எழுதினால் போஸ்ட்கிரெஸ் பிழை என்று நிறுத்திவிடும். பழைய மைஎஸ்கியூஎல் குழுவிலுள்ள ஏதோ ஒரு வரியின் தொகையை எடுத்துப் போட்டுவிடும். 2015இல் வந்த 5.7 பதிப்பிலிருந்துதான் இயல்பு அமைப்பிலேயே அதைத் தடுக்கிறது. எஸ்கியூலைட்டோ மேக்ஸ் எந்த வரியில் கிடைத்ததோ அந்த வரியின் தொகையையே தரும். ஒரே வினவலுக்கு மூன்று இடங்களில் மூன்று நடத்தை என்பதால், இந்த எழுத்தை நான் யாருக்கும் பரிந்துரைப்பதில்லை.

இவை மூன்றின் புதிய பதிப்புகளிலும் ஓடக்கூடியது ரோ நம்பர் வழி: ஒவ்வொருவரின் பில்களையும் புதியதிலிருந்து பழையதாக எண்ணி, முதல் எண்ணுள்ளதை எடுப்பது. போஸ்ட்கிரெஸ் 8.4 பதிப்போடு 2009இலேயே விண்டோ சார்புகளைப் பெற்றுவிட்டது; மைஎஸ்கியூஎல் 8.0, எஸ்கியூலைட் 3.25 இரண்டுக்கும் 2018 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. இன்றும் பழைய பதிப்பில் ஓடும் சர்வரில் வேலை செய்பவர், மேக்ஸ் துணை வினவலை எழுதி மூல அட்டவணையோடு இணைப்பதைத் தவிர வேறு வழியில்லை. போஸ்ட்கிரெஸ் மட்டுமே என்று உறுதியாக இருந்தால் குழுவுக்கு முதல் வரியை மட்டும் வைத்துக்கொள்ளும் டிஸ்டிங்க்ட் ஆன் மிகச் சுருக்கமானது. வாடிக்கையாளர்கள் சிலரே, ஆனால் ஒவ்வொருவருக்கும் லட்சக்கணக்கான பில்கள் என்ற நிலையில் மட்டும் இரண்டையும் விட்டுவிட்டு, ஒவ்வொரு வாடிக்கையாளருக்கும் துணை வினவலைத் தனித்தனியாக ஓட்டும் லேட்டரல் இணைப்புக்குப் போவேன். வாடிக்கையாளர் எண், தேதி இரண்டின் மேலும் இன்டெக்ஸ் இருந்தால், ஆளுக்கு ஒரு பில்லை மட்டும் தொட்டுவிட்டு அது திரும்பிவிடும். ரோ நம்பர் பொதுவாக எல்லா பில்களையும் எண்ணி முடித்த பிறகே முதல் எண்ணுள்ளதைத் தேர்ந்தெடுக்கும்.