500 ரூபாய் புளூடூத் ஓபிடி ஸ்கேனர்: வாங்கலாமா, வாங்கினால் எப்படிப் பயன்படுத்துவது?

டாஷ்போர்டில் மஞ்சள் இன்ஜின் விளக்கு எரிந்தால், ஸ்கேனர் மாட்டிப் பார்ப்பதற்கே ஒர்க்‌ஷாப்பில் தனியாகக் காசு வாங்குகிறார்கள். ஆன்லைனில் 500 ரூபாய் சுமாருக்குக் கிடைக்கும் இஎல்எம்327 புளூடூத் அடாப்டர் அதே எரர் கோடை உங்கள் போனிலேயே காட்டிவிடும். சொந்தமாகக் கார் வைத்திருப்பவர் தாராளமாக வாங்கலாம். ஆனால் கோட் படிக்க மட்டும் என்று வாங்கினால் பாதிப் பயன்கூடக் கிடைக்காது. ஓடிக்கொண்டிருக்கும் இன்ஜினின் அளவீடுகளை நேரலையில் பார்க்கத் தெரிந்தால்தான் போட்ட காசு திரும்பும்.

முதலில் உங்கள் வண்டிக்குப் பொருந்துமா என்று பாருங்கள். இந்தியாவில் 2013 ஏப்ரல் முதல் பிஎஸ்4 (புகை மாசு விதி) கார்களுக்கு ஓபிடி-2 கட்டாயமானது. காரின் கணினி தன் கோளாறுகளைத் தானே பதிவு செய்து, ஒரு சாக்கெட் வழியே சொல்லும் பொது முறைதான் ஓபிடி. அதற்குப் பின் வந்த கார் என்றால் பெரும்பாலும் சிக்கல் இல்லை. அதற்கு முந்தைய கார்களில் 16 பின் சாக்கெட் இருந்தாலும் உள்ளே பேசும் மொழி வேறாக இருக்கலாம். சாக்கெட் ஸ்டீயரிங்குக்குக் கீழே, ஓட்டுநரின் முழங்கால் அருகே இருக்கும். அதில் 16-வது பின் பேட்டரி பாசிட்டிவ், 4-வது பின் எர்த். 6, 14 இரண்டும் காரின் கணினி தகவல் அனுப்பும் கேன் லைன்கள், 7-வது பின் பழைய கார்களில் அதே வேலையைச் செய்யும் கே-லைன்.

வாங்கும்போது பெட்டியில் போட்டிருக்கும் எண்ணை நம்பக்கூடாது. இஎல்எம்327 என்பது கனடாவின் எல்ம் எலக்ட்ரானிக்ஸ் உருவாக்கிய சிப். அந்த நிறுவனம் 2022-ல் மூடப்பட்டுவிட்டது. சந்தையில் இந்த விலைக்கு விற்பவை எல்லாமே நகல்கள். அசல் வரிசையில் 1.5 என்ற பதிப்பே கிடையாது, 1.4-க்குப் பிறகு நேராக 2.0 வந்தது. இருந்தாலும் 1.5 என்று போட்ட நகல்களே பெரும்பாலும் ஒழுங்காக வேலை செய்கின்றன. 2.1 என்று போட்ட மலிவு ரகங்கள் பலவற்றில் சில கட்டளைகளையே நீக்கியிருப்பார்கள். கே-லைன் கார்களில் அவை இணையாமல் திணறும். அடாப்டரைச் சோதிக்கும் இலவச ஆப்கள் ஆண்ட்ராய்டில் உண்டு. அடாப்டர் வந்த அன்றே அந்த ஆப்பை ஓட்டிப் பார்த்து, சரியில்லை என்றால் திருப்பி அனுப்பிவிடுங்கள்.

ஐபோன்காரர்கள் இந்தச் சாதாரண புளூடூத் ரகத்தை வாங்கவே வேண்டாம், இணையாது. புளூடூத் 4.0 பிஎல்இ (குறைந்த மின்சாரத்தில் இயங்கும் புளூடூத்) ரகம் அல்லது வைஃபை ரகம்தான் வேண்டும். வைஃபை என்றால் ஆப்பில் 192.168.0.10, போர்ட் 35000 என்று கொடுப்பது வழக்கம்.

இணைப்பது எளிது. அடாப்டரைச் செருகி, இன்ஜினை ஸ்டார்ட் செய்யாமல் சாவியை ஆன் நிலைக்குத் திருப்புங்கள். சிவப்பு விளக்கு எரிய வேண்டும். எரியாவிட்டால் அடாப்டரைக் குறை சொல்வதற்கு முன் ஃபியூஸைப் பாருங்கள். சில கார்களில் சிகரெட் லைட்டர் சாக்கெட்டுக்கும் இதற்கும் ஒரே ஃபியூஸ். மலிவான போன் சார்ஜர் ஒன்று அதை ஊதியிருக்கும். பிறகு போன் செட்டிங்கில் 1234 அல்லது 0000 கொடுத்து பேர் செய்து, டார்க் அல்லது கார் ஸ்கேனர் ஆப்பில் அந்த அடாப்டரைத் தேர்ந்தெடுங்கள். பிஎல்இ ரகத்தை மட்டும் போன் செட்டிங்கில் பேர் செய்யாமல் ஆப்புக்குள்ளிருந்தே இணைக்க வேண்டும். பலர் தடுமாறுவது இந்த இடத்தில்தான்.

கோட் வந்ததும் உடனே அழிக்காதீர்கள். அதோடு சேர்ந்து ஃப்ரீஸ் ஃப்ரேம் என்று ஒரு பதிவு இருக்கும்: கோளாறு பதிவான நொடியில் ஆர்பிஎம், வேகம், கூலன்ட் வெப்பம், இன்ஜின் லோடு எவ்வளவு என்று அதில் தெரியும். அழித்தால் அதுவும் போய்விடும். எனவே முதலில் ஸ்கிரீன்ஷாட் எடுத்துவிடுங்கள். அழிக்கும்போது சாவி ஆன், இன்ஜின் ஆஃப்.

கோட் ஒரு அறிகுறியைத்தான் சொல்லும், மாற்ற வேண்டிய பார்ட்டின் பெயரைச் சொல்லாது. பி0171 வந்தால் கலவையில் பெட்ரோல் குறைவு என்று பொருள். அதைப் பார்த்ததும் ஆக்சிஜன் சென்சாரை மாற்றுவது காசைக் கரைக்கும் வேலை. லைவ் டேட்டாவில் ஷார்ட் டெர்ம், லாங் டெர்ம் ஃப்யூயல் ட்ரிம் (இன்ஜின் கணினி பெட்ரோலைக் கூட்டியோ குறைத்தோ சரிசெய்யும் சதவீதம்) இரண்டையும் திறங்கள். இரண்டின் கூட்டுத்தொகை பிளஸ், மைனஸ் 10 சதவீதத்துக்குள் இருந்தால் கவலையில்லை. ஐடிலில் (வண்டி நின்று இன்ஜின் மட்டும் ஓடும்போது) பிளஸ் 20-ஐத் தாண்டி நின்று, 2,500 ஆர்பிஎம்மில் இறங்கினால் எங்கோ காற்று கசிகிறது: விரிசல் விட்ட வேக்குவம் ஹோஸ், இன்டேக் மேனிஃபோல்ட் கேஸ்கெட். நேர்மாறாக, ஐடிலில் சரியாக இருந்து மேடு ஏறும்போது கூடினால் பெட்ரோல் பம்ப், ஃபில்டர், அழுக்கடைந்த ஏர்ஃப்ளோ சென்சார் என்று தேட வேண்டும். இந்த ஒரு சோதனைக்காகவே இந்த அடாப்டரை வாங்கலாம்.

பி0301 என்றால் முதல் சிலிண்டரில் மிஸ்ஃபயர், அதாவது பெட்ரோல் சரியாக எரியவில்லை. சிலிண்டருக்கு ஒரு இக்னிஷன் காயில் (பிளக்குக்கு மின்சாரம் கொடுப்பது) உள்ள இன்ஜின் என்றால், ஆறிய பிறகு முதல் காயிலையும் இரண்டாவதையும் இடம் மாற்றி, கோடை அழித்து ஓட்டுங்கள். கோட் பி0302 ஆக மாறினால் காயில்தான் போயிருக்கிறது. மாறாவிட்டால் பிளக்கை இடம் மாற்றுங்கள், அதற்குப் பிறகு இன்ஜெக்டர். இன்ஜின் விளக்கு நிலையாக எரியாமல் மினுக்கினால் மட்டும் இந்தச் சோதனைக்கெல்லாம் ஓட்டக்கூடாது. எரியாத பெட்ரோல் சைலன்சர் வழியில் போய் புகையைச் சுத்திகரிக்கும் கேட்டலிட்டிக் கன்வர்ட்டரையே உருக்கிவிடும்.

பி0420 அந்த கன்வர்ட்டரைப் பற்றியது. கன்வர்ட்டருக்குப் பின்னால் உள்ள ஆக்சிஜன் சென்சாரின் வோல்டேஜ் சூடான இன்ஜினில் 0.6, 0.7 என்று ஏறக்குறைய நிலையாக இருக்க வேண்டும். 0.1-க்கும் 0.9-க்கும் இடையே கன்வர்ட்டருக்கு முன்னால் உள்ள சென்சார் போலவே ஆடினால் கன்வர்ட்டர் தளர்ந்துவிட்டது. அதற்கு முன் எக்ஸாஸ்ட் இணைப்புகளில் கசிவு இருக்கிறதா என்று பார்த்துவிட வேண்டும், ஏனெனில் வெளிக்காற்று புகுந்தாலும் இதே கோட் வரும்.

டீசல் கார்களில் ஃப்யூயல் ட்ரிம் இவ்வளவு கைகொடுக்காது. அங்கே ரெயில் பிரஷரையும் டர்போ பூஸ்ட்டையும் பாருங்கள். டிபிஎஃப் (டீசல் புகையின் கரியைப் பிடிக்கும் ஃபில்டர்) எவ்வளவு அடைத்திருக்கிறது என்பது, எல்லாக் கார்களுக்கும் பொதுவான அளவீட்டுப் பட்டியலில் பெரும்பாலும் வராது.

குறைகளும் உண்டு. ஏபிஎஸ், ஏர்பேக் விளக்குகளுக்கு இதை நம்ப முடியாது. சில கார்களுக்கு மட்டும் சில ஆப்கள் படித்துக் காட்டும். வேகமும் குறைவுதான். பத்து அளவீடுகளை ஒரே திரையில் வைத்தால் எண்கள் தயங்கித் தயங்கி மாறும், கணநேரக் கோளாறு தப்பிவிடும். மூன்று அல்லது நான்கு அளவீடுகளோடு நிறுத்திக்கொள்ளுங்கள். வாரம் ஒரு வண்டியாவது பார்க்கும் மெக்கானிக் சில ஆயிரம் கூடப் போட்டு வீகேட், ஓபிடிலிங்க் போன்ற பெயருள்ள ரகங்களுக்குப் போவதே நல்லது.

வேலை முடிந்ததும் கழற்றி வைத்துவிடுங்கள். பல கார்களில் சாவியை எடுத்த பிறகும் 16-வது பின்னில் மின்சாரம் இருக்கும். அடாப்டர் 40 மில்லிஆம்பியர் இழுத்தால் நாளொன்றுக்குச் சுமார் 1 ஆம்பியர் அவர். 35 ஆம்பியர் அவர் பேட்டரி உள்ள சின்னக் காரை இரண்டு வாரம் நிறுத்தி வைத்தால் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இதுவே தின்றுவிடும். கொஞ்சம் பழைய பேட்டரி என்றால் ஊரிலிருந்து திரும்பியதும் வண்டியைத் தள்ளித்தான் ஸ்டார்ட் செய்ய வேண்டியிருக்கும்.