துளசி வரையத் தாள் அருமை, பச்சை வண்ணம்தான் காலை வாருகிறது

மலேசியாவின் சுங்கை சிப்புட் கடைத்தெருவில் பள்ளிப் புத்தகமும் பூசைச் சாமானும் விற்கும் எழுதுபொருள் கடையில் இப்போது தாவர ஓவியத் தொகுப்பு ஒன்று கிடைக்கிறது. ஏ4 அளவில் 12 ஹாட் பிரஸ் தாள் (சூட்டில் அழுத்தி வழவழப்பாக்கிய ஓவியத் தாள்), 12 வண்ணங்கள் கொண்ட டப்பா, இரண்டு தூரிகை, ஒரு 2எச் பென்சில். விலை 95 ரிங்கிட். தோட்டத்து லயங்களில் வாசலுக்கு வாசல் நிற்கும் கருந்துளசியை வரைந்து பார்த்துத்தான் இதை எழுதுகிறோம்.

கொடுக்கும் காசு தாளுக்கே தகும். முழுப் பருத்தி, 300 ஜிஎஸ்எம், அதாவது சதுர மீட்டருக்கு 300 கிராம் எடை. துளசிப் பூ சுமார் 4 மில்லிமீட்டர்தான். சொரசொரப்பான தாளில் அதன் இரண்டு உதடுகளும் வெளியே நீளும் நான்கு மகரந்தக் கம்பிகளும் பிசிறிப் போய்விடும். இந்த வழவழப்பில் கோடு கோடாகவே நிற்கிறது. ஒரே இடத்தை மூன்று முறை அழித்தும் நார் கிளம்பவில்லை.

ஆனால் கண்ணாடி அலமாரியில் பிரித்து வைத்திருக்கும் தாள் கட்டை எடுக்காதீர்கள். நம் ஊர் ஈரக்காற்றில் தாளின் மேல் பசைப்பூச்சு கெட்டுவிடும். அப்புறம் வண்ணம் மை ஒற்றும் தாளில் விழுந்ததுபோல் உள்ளே இறங்கும், திட்டுத் திட்டாகக் கறுக்கும். மூலையில் ஒரு சொட்டுத் தண்ணீர் வையுங்கள். முத்தாக நின்றால் நல்ல தாள். உடனே ஊறினால் கெட்டது. வீட்டில் சிலிக்கா ஜெல் போட்ட ஜிப் பையில் வைத்துக்கொள்வது நல்லது.

வண்ண டப்பாவில்தான் சிக்கல். அதில் உள்ள ஒரே பச்சை தாலோ பச்சை, டப்பாவில் போடும் நிறமிக் குறியீட்டில் பிஜி 7. அப்படியே பூசினால் துளசி பிளாஸ்டிக் இலைபோல் மினுங்கும். அல்ட்ராமரின் நீலத்தோடு மஞ்சள் கலந்து, தூரிகை நுனியளவு கிரிம்சன் சிவப்பு சேர்த்தால் அந்த மங்கிய பச்சை வரும். கருந்துளசிக்கு முதலில் நரம்போரமும் காம்பிலும் நீர்த்த ஊதா ஒரு பூச்சு. அது நன்றாகக் காய்ந்த பிறகு மேலே பச்சை. மழை நாளில் காயத் தாமதமாகும். அவசரப்பட்டால் அடிப்பூச்சு கரைந்து சேறாகிவிடும். இன்னொன்று: வெற்றிலைக்கு விடுவதுபோல் வெள்ளை மினுக்கம் விடக்கூடாது. துளசி இலையில் மெல்லிய ரோமம் உண்டு, பளபளக்காது. வெளிச்சம் விழும் பக்கம் வெளிர்நீலப் பூச்சு ஒன்று போதும்.

தூரிகைகளில் 6ஆம் எண் பரவாயில்லை. 2ஆம் எண்ணை நனைத்து உதறினால் நுனி இரண்டாகப் பிரிகிறது. தண்டின் ரோமத்துக்கு அது உதவாது, தனியாக ஒன்று வாங்க வேண்டும்.

உள்ளே இருக்கும் வழிகாட்டித் தாளில் இலையை முதலில் வரையச் சொல்கிறார்கள். இது தவறு. பறித்த கிளையில் பூவிதழ் தொட்டாலே உதிரும், ஆகவே பூங்கதிர்தான் முதலில். காலையில் வெட்டி, அடியில் ஈரப் பஞ்சு சுற்றிச் சின்னப் போத்தலில் நிறுத்துங்கள். கணுவுக்கு ஆறு பூ வட்டமாக அமைந்திருப்பதை எண்ணிக்கொள்ளுங்கள். தண்டு நாற்சதுரம், இலைகள் எதிரெதிர் ஜோடி, அடுத்த ஜோடி அதற்குக் குறுக்காக வரும். இதைக் கவனிக்காதவர்கள் எல்லா இலையையும் ஒரே பக்கமாக விரித்துவிடுகிறார்கள், செடி தட்டையாகிவிடுகிறது. அளவுக்குக் கவராயம் வேண்டும். தொகுப்பில் அது இல்லை. அதே கடையில் கணிதப் பெட்டியோடு கிடைக்கும்.

பானத்தில் போடும் செலாசே விதை முளைத்த செடியைத் துளசி என்று வரைந்துவிடாதீர்கள். அது திருநீற்றுப்பச்சை, இலை வழவழப்பாக இருக்கும், மணமும் வேறு.

தொகுப்பு வேண்டாம் என்றால் கடைக்காரரிடம் முழுத்தாள் கேளுங்கள், 56க்கு 76 சென்டிமீட்டர். நான்காக வெட்டினால் ஒரு துண்டில் பூங்கதிரோடு கிளையை உள்ளபடியான அளவிலேயே வரையலாம்; ஓரத்தில் ஒரு பூவை ஐந்து மடங்கு பெரிதாக்கிக் காட்டவும் இடம் மிஞ்சும்.