கார்ட்டினாவின் அடியில் 'டங்': ரப்பர் புஷ்ஷா, பாலி புஷ்ஷா?

காரின் பின் ஆக்ஸிலைப் பிடித்திருக்கும் இரும்புக் கைகளின் முனையில், ஒரு வெளி வளையத்துக்கும் நடுக்குழாய்க்கும் இடையே மெத்தைபோல இருப்பதுதான் புஷ். அது போனால் எதைப் போடுவது என்பதுதான் பேச்சு. முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் ரப்பர்தான் போட்டேன், இன்னொரு முறை கேட்டாலும் ரப்பர்தான் போடுவேன். சித்தப்பா மகன், எனக்குத் தம்பி முறை, அவன் காரில் பாலியூரித்தேன், சுருக்கமாகப் பாலி, போட்டிருக்கிறான். இரண்டு காரும் ஒரே மாடல், டர்பனின் சாட்ஸ்வர்த்தில் ஒரே தெருவில் நிற்கின்றன. அதனால் எனக்கு இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வாய்த்தது.

என்னுடையது 1982 ஃபோர்ட் கார்ட்டினா, 3.0 வி6. அப்பா வாங்கிய வண்டி. தைப்பூசத்துக்குக் காவடியைப் பின் சீட்டில் சாய்த்து வைத்து அம்கேனி ரோடு கோயிலுக்குப் போன வண்டி, என் அக்காவைக் கல்யாணப் பெண்ணாக ஏற்றிக்கொண்டு போன வண்டி. விற்கும் பேச்சே இல்லை. இங்கிலாந்தில் இந்த மாடலுக்குக் கொடுத்த பெரிய எஞ்சின் 2.3தான், தென்னாப்பிரிக்காவில் 2994 சி.சி. எஸ்ஸெக்ஸ் எஞ்சினை வைத்து விற்றார்கள். அந்த இழுவையை எல்லாம் தாங்குவது பின் ஆக்ஸிலைப் பிடித்திருக்கும் நான்கு கைகளும் அவற்றின் எட்டு முனைகளில் இருக்கும் புஷ்களும்தான்.

போன வருஷம் பைன்டவுனிலிருந்து ஃபீல்ட்ஸ் ஹில் ஏறும்போது, இரண்டாவது கியரில் மிதியை முழுசாக அழுத்தியதும் அடியில் சுத்தியலால் ஒரு போடு போட்டதுபோல 'டங்' என்று கேட்டது. காலை எடுத்தால் இன்னொன்று, கொஞ்சம் சின்னதாக. மெதுவாக ஓட்டினால் ஒன்றுமே இல்லை. ஒரு ஒர்க்‌ஷாப்பில் காட்டினேன், அவர்கள் கேட்ட உடனே யூ ஜாயிண்ட் (எஞ்சின் சுழற்சியைப் பின்னால் கொண்டுபோகும் தண்டின் மூட்டு) என்று சொல்லி மாற்றிக் கொடுத்தார்கள், பணமும் வாங்கினார்கள், சத்தம் அப்படியே இருந்தது.

அதற்குப் பிறகு நானே ஒவ்வொன்றாகப் பார்த்தேன். முதலில் எஞ்சின் மவுண்ட், அதாவது எஞ்சினைத் தாங்கும் ரப்பர். பானெட்டைத் திறந்து வைத்து, கைபிரேக்கும் கால்பிரேக்கும் போட்டு, கிளட்சைக் கொஞ்சமாக விட்டால் எஞ்சின் எந்தப் பக்கம் தூக்குகிறது என்று பக்கத்தில் நிற்பவருக்குத் தெரியும் (முன்னால் யாரும் நிற்கக் கூடாது). மவுண்ட் கிழிந்திருந்தால் இடப்பக்கம், அதாவது நம் ஊர் வண்டியில் பயணி உட்காரும் பக்கம், துள்ளி எழும். என் வண்டியில் அசைவு அளவாகத்தான் இருந்தது. அப்புறம் சைலன்சர் குழாய். அது வண்டியின் அடித்தகட்டில் முட்டுகிறதா என்று பார்க்க, குழாய்க்கு நேர் மேலே அந்தத் தகட்டில் ரொட்டி மாவில் ஓர் உருண்டை ஒட்டி வைத்துவிட்டு மலை ஏறி இறங்கினேன். உருண்டை நசுங்காமல் அப்படியே இருந்தது. ஆக, குழாயும் இல்லை.

மிச்சம் பின் ஆக்ஸில். மிதியை அழுத்தும்போது சக்கரம் முன்பக்கம் சுற்றும், ஆக்ஸில் கூடு அதற்கு எதிர்ப்பக்கம் திரும்பப் பார்க்கும், டிஃபின் (ஆக்ஸில் நடுவில் இருக்கும் பல்சக்கரப் பெட்டி) மூக்கு மேலே தூக்கும். அந்த நேரத்தில் மேல் கைகள் இழுபடும், கீழ்க் கைகள் அமுங்கும். காலை எடுத்தவுடன் எல்லாம் தலைகீழ். அழுத்தும்போது ஒன்று, விடும்போது ஒன்று என்று ஜோடியாகச் சத்தம் வந்தால் எனக்கு இந்த புஷ்கள் மேல்தான் முதல் சந்தேகம் வரும். வண்டியை ஸ்டாண்டில் ஏற்றி (ஜாக்கை மட்டும் நம்பி அடியில் போகவே கூடாது), சின்னக் கடப்பாரையால் ஒவ்வொரு முனையாக நெம்பினேன். வலப்பக்க மேல் கையின் முன் முனையில் ரப்பர் பிறை வடிவில் பிய்ந்து, இரண்டு தீக்குச்சி நுழையும் இடைவெளி இருந்தது. வெளி வளையத்தின் உள்ளே எல்லா இடமும் துரு, நடுக்குழாய் வந்து முட்டும் ஒரே ஒரு இடம் மட்டும் நகக்கண் அகலத்துக்கு வெள்ளிபோல் பளபளத்தது. சத்தம் அங்கேதான் இருந்தது.

சரி, இனி எதைப் போடுவது?

விலையில் ரப்பர்தான் மலிவு. நாங்கள் வாங்கியபோது பாலி செட் ரப்பரைப் போல இரண்டு மடங்குக்கு மேல். மாட்டுவதில் பாலிதான் சுலபம். இரண்டு பாதியாக வரும், கிரீஸ் தடவி வைஸில் வைத்து அமுக்கினால் போய் உட்காரும், தம்பி ஒரு சனிக்கிழமை மத்தியானத்துக்குள் எட்டையும் முடித்துவிட்டான். ரப்பருக்கு ப்ரஸ் (அழுத்தித் தள்ளும் இயந்திரம்) வேண்டும். பழைய வளையம் கடல்காற்றில் துருவேறி இறுகியிருக்கும், ஆக்ஸா பிளேடால் உள்ளிருந்து கீறித்தான் எடுக்க வேண்டும், கையின் இரும்பில் பிளேடு படாமல் நிதானமாக அறுக்க வேண்டும். எனக்கு மூன்று நாள் ஆனது. டிஃப் சீல் கசிந்து எண்ணெய் பட்டால் ரப்பர் ஊறி இளகிவிடும், பாலி தாங்கும். மிதியை அழுத்தும்போது வண்டி உடனே பாய்வதுபோல ஓர் உணர்வு பாலியில் கூடுதலாக இருக்கிறது, அதையும் மறுக்க மாட்டேன். 'டங்' சத்தம் இரண்டு வண்டியிலும் போய்விட்டது.

இவ்வளவு சொன்ன பிறகும் நான் ரப்பர் பக்கம் நிற்பதற்கு ஒரே காரணம்தான், அது கைகளின் சாய்வு.

கார்ட்டினாவின் இந்த மாடல்களில் ஆக்ஸிலைப் பக்கவாட்டில் பிடிக்கத் தனியாக ஒரு கம்பி கிடையாது. அந்த வேலையையும் சேர்த்துச் செய்வதற்காகத்தான் மேல் கைகள் இரண்டும் சாய்வாக வைக்கப்பட்டிருக்கின்றன. இப்போது ஒரு சக்கரம் மட்டும் மேலே ஏறுகிறது என்று வையுங்கள். எங்கள் தெருவில் எல்லா வீட்டு வாசலும் சரிவு, குறுக்காகத்தான் ஏற்ற முடியும், தினமும் ஒரு பின்சக்கரம் ஏறி ஒன்று தொங்கும். அப்போது மேல் கைகள் சும்மா மேலும் கீழும் ஆடுவதோடு நிற்காமல் முறுக்கிக்கொள்ளவும் செய்யும். புஷ் எல்லாத் திசையிலும் கொஞ்சம் விட்டுக் கொடுத்தால்தான் ஆக்ஸில் அசையவே முடியும். ரப்பர் விட்டுக் கொடுக்கும். பொதுவாக இந்த வேலைக்கு வரும் ரப்பர் ஷோர் ஏ என்ற கடின அளவில் 50 முதல் 70 வரை இருக்கும், பாலி 80 முதல் 95 வரை போகும். அந்தக் கடினம் நேராக இழுபடும் கைக்கு நல்லது, முறுக்கிக்கொள்ளும் கைக்குக் கெடுதல். புஷ் விட்டுக் கொடுக்காவிட்டால் அந்த விசை பிராக்கெட்டுக்குப் போகும், பிராக்கெட்டிலிருந்து உடம்புத் தகட்டுக்குப் போகும். புஷ்ஷை இன்னொன்று வாங்கலாம், 1982 வண்டியின் தகட்டை எங்கே போய் வாங்குவது?

தம்பியின் வண்டியில் எட்டாவது மாதம் வலப்பக்க மேல் பிராக்கெட்டின் வெல்டிங் ஓரத்தில் மயிரிழை போல ஒரு விரிசல் தெரிந்தது. அதற்குப் பாலி மட்டும்தான் காரணம் என்று அடித்துச் சொல்ல மாட்டேன், அந்த இடத்தில் முன்பே துரு இருந்தது, ஒரே ஒரு வண்டியை வைத்துத் தீர்ப்பு எழுதவும் கூடாது. ஆனாலும் அந்த விரிசலை விளக்குப் பிடித்துப் பார்த்த அன்றிலிருந்து என் மனசு மாறவே இல்லை.

பராமரிப்பும் இதோடு சேர்ந்ததுதான். பாலி புஷ் நடுக்குழாயின் மேல் வழுக்கித் திரும்ப வேண்டும், அதற்கு சிலிக்கான் கிரீஸ் வேண்டும். டர்பனின் ஈரமும் உப்பும் மணலும் உள்ளே போனால் கீச்சுக் கீச்சென்று கத்தும். தம்பி நான்கைந்து மாதத்துக்கு ஒருமுறை போல்ட்டைக் கழற்றி கிரீஸ் வைக்கிறான். ரப்பரில் வழுக்கும் இடமே கிடையாது. உள்குழாயோடும் வெளி வளையத்தோடும் ஒட்டி வார்க்கப்பட்ட ரப்பர் தானே முறுக்கித் திரும்பும். கிரீஸ் வேண்டாம், கழற்ற வேண்டாம்.

ஆனால் ஒன்று, போல்ட்டை இறுக்கும் நேரத்தில் வண்டி தன் சக்கரத்தில் தன் எடையோடு நிற்க வேண்டும். இதைத் தயவுசெய்து யாரும் விட்டுவிடாதீர்கள். என் வண்டியில் பிய்ந்து கிடந்த புஷ் பழசே இல்லை. மூன்று வருஷத்துக்கு முன் ஓர் ஒர்க்‌ஷாப்பில் அந்த வலப்பக்கக் கைக்கு மட்டும் புதுசு போட்டார்கள், வண்டியை லிஃப்டில் தூக்கி, சக்கரம் தொங்கிக்கொண்டிருக்கும்போதே இறுக்கினார்கள், நான் பக்கத்தில்தான் நின்றேன், எனக்கு அப்போது தெரியாது. தொங்கும் நிலையில் இறுக்கினால் வண்டி கீழே இறங்கிய நிமிஷத்திலிருந்தே ரப்பர் முறுக்கிய நிலையில் நிற்கும், அதற்கு மேல் ஒவ்வொரு பள்ளத்திலும் இன்னும் முறுக்கும், ஒரு நாள் பிய்ந்துவிடும். மற்ற ஆறும் அப்பா காலத்து ரப்பர், வெடிப்பு விட்டிருந்தாலும் முழுசாக இருந்தன. புதுசாகப் போட்ட இரண்டும்தான் கிழிந்திருந்தன. ரப்பர் சீக்கிரம் போய்விடும் என்று சொல்லிப் பாலிக்கு மாறுகிறவர்களில் எத்தனை பேருக்கு இப்படி இறுக்கிக் கொடுத்திருப்பார்களோ.

நான் செய்தது இதுதான். எட்டு போல்ட்டையும் விரலால் மட்டும் முடுக்கி, வண்டியை இறக்கி, நான்கு சக்கரத்தையும் சம உயரப் பலகைகளில் ஏற்றி, பின்பக்கத்தை நாலைந்து முறை அமுக்கிவிட்டு, அப்புறம் அடியில் போய் இறுக்கினேன். இன்றோடு பதினான்கு மாதம். ஃபீல்ட்ஸ் ஹில்லில் மாதம் இரண்டு முறையாவது அழுத்தி ஏறுகிறேன், எஞ்சின் சத்தத்தைத் தவிர வேறு ஒன்றும் கேட்பதில்லை. பத்து வருஷம் வருமா என்றால், பதினான்கு மாதத்தை வைத்து நான் எப்படிச் சொல்ல முடியும்.

ரப்பர் வாங்கும்போது ஒரு ஜாக்கிரதை: பெட்டி பிரிக்காத பழைய ஸ்டாக் என்று ஆசைப்படாதீர்கள், பெட்டிக்குள்ளேயே ரப்பருக்கு வயசாகும். நகத்தால் அழுத்தி, ஓரத்தை வெயிலில் பிடித்து, வெடிப்பு இருக்கிறதா, இரும்போடு ஒட்டிய இடம் விட்டிருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

நடுவழி ஒன்றும் உண்டு. கீழ்க் கைகளுக்குப் பாலி, மேல் கைகளுக்கு ரப்பர். கீழ்க் கைகள் ஏறக்குறைய நேராகக் கிடப்பதால் அங்கே பாலியின் கடினம் பெரிய தொந்தரவு தராது. பந்தயத் தடத்தில் ஓட்டுகிறவர்களுக்கு எட்டும் பாலியாக இருப்பதே சரியாக வரலாம். நான் தடத்தில் ஓட்டியவன் இல்லை, என் பேச்சு வீட்டுக்கும் கோயிலுக்கும் மலைக்கும் போகும் வண்டியைப் பற்றியது. தம்பி இந்த நடுவழிக்குத்தான் வந்திருக்கிறான். விரிசலை வெல்டிங் வைத்தாயிற்று, மேல் கைகளுக்கு நான்கு ரப்பர் புஷ் வாங்கி என் கராஜ் அலமாரியில் வைத்திருக்கிறோம், ப்ரஸ் வைத்திருக்கும் மாமா வருகிற சனிக்கிழமை எடுத்து வருவதாகச் சொல்லியிருக்கிறார்.