ஹார்வர்டா, கிரினெல்லா, அலபாமாவா, டி ஆன்சாவா? அமெரிக்காவில் இளங்கலைக்கு நான்கு வழிகள்

ப்ளஸ் டூ முடித்த கையோடு அமெரிக்காவில் இளங்கலை படிக்கப் போக வேண்டும் என்று நினைக்கும் பிள்ளைகளும் பெற்றோரும் முதலில் தேடுவது தரவரிசைப் பட்டியலைத்தான். எது முதலிடம், எது இருபதாவது இடம், கம்ப்யூட்டர் சயின்ஸுக்கு எது நல்லது என்று. அந்தப் பட்டியலைக் கொஞ்ச நாள் மூடி வையுங்கள். வெளிநாட்டு மாணவருக்கு முதலில் தெரிய வேண்டியது வேறு: உங்கள் வீட்டால் கட்ட முடியாத பணத்துக்கு அந்தக் கல்லூரி என்ன வழி வைத்திருக்கிறது? தானே போடுமா, போட வேண்டியிருக்கிறதே என்பதற்காகவே உங்களை வேண்டாம் என்று சொல்லுமா, மார்க்கைப் பார்த்துக் கொஞ்சம் குறைத்துக்கொள்ளுமா, இல்லை முழுசாக வாங்கிக்கொள்ளுமா? இந்த நான்கில் எந்த வகைக் கல்லூரிக்கு எத்தனை விண்ணப்பம் போடுவது என்பதை முடிவு செய்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. முதுகலை, பிஎச்டி கணக்கு முற்றிலும் வேறு, அதை இங்கே தொடவில்லை.

எவ்வளவு பணத்தைப் பற்றிப் பேசுகிறோம் என்பதற்கு ஓர் அளவு வேண்டுமே. ஹார்வர்டில் 2025-26க்குக் கல்விக் கட்டணம் மட்டும் 59,320 டாலர். தங்குமிடம், சாப்பாடு எல்லாம் சேர்த்து 86,926. டாலருக்கு 85 ரூபாய் என்று குறைத்தே போட்டாலும் வருடத்துக்குக் கிட்டத்தட்ட 74 லட்சம், நான்கு வருடத்துக்கு மூன்று கோடிக்குப் பக்கம். மற்ற பெரிய தனியார் கல்லூரிகளும் இதை ஒட்டித்தான் வாங்குகின்றன. அமெரிக்க அரசு தன் மாணவர்களுக்குத் தரும் உதவியும் கடனும் எஃப்-1 என்ற மாணவர் விசாவில் போகிறவருக்குக் கிடையாது, அதனால் உதவி என்று வந்தால் அது பெரும்பாலும் கல்லூரியின் சொந்தக் கஜானாவிலிருந்துதான் வர வேண்டும்.

முதல் வழி எல்லோருக்கும் பெயர் தெரிந்தது. ஹார்வர்ட், யேல், பிரின்ஸ்டன், எம்ஐடி, டார்ட்மவுத், பிரவுன், கூடவே ஆம்ஹெர்ஸ்ட், போடின் மாதிரி சில சிறிய கல்லூரிகள். இவை வெளிநாட்டு மாணவரையும் வீட்டு வருமானத்தைப் பார்க்காமல் தேர்ந்தெடுக்கின்றன, தேர்ந்தெடுத்த பிறகு குடும்பத்தால் முடிந்தது போக மீதியைத் தாங்களே போடுகின்றன. இதற்கு நீட்-பிளைண்ட் என்று பெயர், நம் நீட் தேர்வுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. டார்ட்மவுத் 2022-ல்தான் வெளிநாட்டு மாணவருக்கும் இந்த முறையைக் கொண்டுவந்தது, பிரவுன் 2025-ல் சேர்ந்த வகுப்பிலிருந்து. ஸ்டான்ஃபோர்ட், கொலம்பியா, கார்னெல் இந்தக் கூட்டத்தில் இல்லை என்பது பலருக்கு ஆச்சரியமாக இருக்கும். ஹார்வர்டில் குடும்ப வருமானம் வருடத்துக்கு ஒரு லட்சம் டாலருக்குள் இருந்து, சொத்தும் வழக்கமான அளவில் இருந்தால் பெற்றோர் ஒரு பைசா கட்ட வேண்டாம், அந்த ஒரு லட்சம் டாலர் என்பது 85 லட்சம் ரூபாய். அப்படியென்றால் சம்பளம் வாங்கும் நடுத்தரக் குடும்பங்களில் அநேகம் பேருக்கு ஹார்வர்ட் நம் ஊர்த் தனியார் பொறியியல் கல்லூரியைவிட மலிவு.

கிடைத்தால்தானே? ஹார்வர்டில் விண்ணப்பிக்கும் நூறு பேரில் நான்கு பேர் அளவுக்குத்தான் சேர்க்கிறார்கள், எம்ஐடி வெளிநாட்டு மாணவர்களில் எடுப்பது நூற்றுக்கு இரண்டு பேர் அளவில்தான். ஒலிம்பியாட் பதக்கம் வைத்திருப்பவர்களும் நிராகரிக்கப்படுகிற இடம் அது. இரண்டு மூன்று விண்ணப்பம் தாராளமாகப் போடுங்கள், ஆனால் முழுத் திட்டத்தையும் இதன்மேல் கட்டாதீர்கள்.

இரண்டாவது வழியைத்தான் நான் அதிகம் சிபாரிசு செய்வேன், நம் ஊரில் மிகக் குறைவாகப் பேசப்படுவதும் இதுதான். கிரினெல், மெக்காலெஸ்டர், ஸ்மித், மவுண்ட் ஹோலியோக், ஸ்கிட்மோர் மாதிரிக் கல்லூரிகள். சேர்த்துக்கொண்டால் உங்கள் தேவை முழுவதையும் தருவோம் என்கிற உறுதி இங்கேயும் உண்டு. வித்தியாசம் என்னவென்றால், சேர்க்கலாமா வேண்டாமா என்று முடிவெடுக்கும்போதே நீங்கள் எவ்வளவு கேட்கிறீர்கள் என்பதையும் பார்ப்பார்கள். வெளிநாட்டு மாணவருக்கென்று ஒதுக்கிய பணம் வருடத்துக்கு இவ்வளவு என்று ஓர் அளவு இருக்கும். படிப்பிலும் கட்டுரையிலும் சரிசமமாக இரண்டு பேர் நின்று, ஒருவருக்கு 25,000 டாலர், இன்னொருவருக்கு 70,000 டாலர் தேவை என்றால் யாருக்குச் சீட் போகும் என்று நான் சொல்லத் தேவையில்லை. அநியாயமாகத் தோன்றலாம், ஆனால் இது ஒளிவுமறைவில்லாத அநியாயம், கல்லூரிகளே தங்கள் இணையதளத்தில் எழுதி வைத்திருக்கின்றன.

கிரினெல் இருப்பது அயோவா மாநிலத்தில் சோள வயல்களுக்கு நடுவே ஒரு சின்ன ஊரில். நம் தெருவில் யாருக்கும் பெயர் தெரியாது. ஆனால் இன்டெல்லைத் தொடங்கியவர்களில் ஒருவரான ராபர்ட் நாய்ஸ் படித்த கல்லூரி அது. இன்டெல் ஆரம்பித்தபோதே கல்லூரி அதில் பணம் போட்டது, வாரன் பஃபெட் அதன் அறங்காவலராக இருந்தார், இன்று இருநூறு கோடி டாலருக்கு மேல் அறக்கட்டளை நிதி வைத்திருக்கிறது. ஒரு சிறிய கல்லூரி தூரத்திலிருந்து வரும் பிள்ளைக்கு வருடத்துக்கு ஐம்பது அறுபதாயிரம் டாலர் எப்படிக் கொடுக்கிறது என்றால் இப்படித்தான். மின்னசோட்டாவில் உள்ள மெக்காலெஸ்டரில் கானாவிலிருந்து வந்து படித்து 1961-ல் பட்டம் வாங்கியவர் பின்னாளில் ஐநா பொதுச்செயலாளர் ஆன கோஃபி அன்னான். பெயர் தெரியவில்லை என்பதால் ஒதுக்குகிற கல்லூரிகள் இந்த மாதிரி இடங்கள்தான்.

குறை இல்லாமல் இல்லை. இவற்றில் பலவற்றில் பொறியியல் கிடையாது. கம்ப்யூட்டர் சயின்ஸ், கணிதம், இயற்பியல், பொருளாதாரம் எல்லாம் இருக்கும். மெக்கானிக்கல், சிவில் வேண்டும் என்றால் பட்டியல் சட்டென்று சுருங்கிவிடும். பெண்கள் கல்லூரியான ஸ்மித்தில் பொறியியல் உண்டு, பென்சில்வேனியாவில் லஃபயெட்டிலும் உண்டு. இன்னொன்று, இளங்கலையோடு வேலைக்குப் போகிறவருக்கு வளாக நேர்காணலுக்கு வரும் கம்பெனிகளின் கூட்டம் பெரிய அரசுப் பல்கலைக்கழகம் அளவுக்கு இருக்காது.

கென்டக்கியில் உள்ள பெரியா கல்லூரியை இங்கேயே சொல்லிவிடுகிறேன். யாரிடமும் கல்விக் கட்டணம் வாங்குவதில்லை, மாணவர்கள் வாரத்துக்குக் குறைந்தது பத்து மணி நேரம் வளாகத்தில் வேலை செய்கிறார்கள். சேரும் வெளிநாட்டு மாணவருக்கு முதல் வருடச் செலவு முழுவதும் கல்லூரியுடையது. எடுப்பது கொஞ்சம் பேரைத்தான். சிங்கப்பூர், மலேசியாவில் இருக்கும் வாசகர்களுக்கு இன்னொன்று: கனெக்டிகட்டில் உள்ள வெஸ்லியன் பல்கலைக்கழகம் ஃப்ரீமேன் ஸ்காலர்ஷிப் என்று ஒன்று தருகிறது, 11 ஆசிய நாடுகள், அதில் உங்கள் இரண்டு நாடும் உண்டு. இந்தியாவும் இலங்கையும் இல்லை.

மூன்றாவது, அரசுப் பல்கலைக்கழகங்கள். இங்கே குடும்ப நிலையைப் பார்த்து வெளிநாட்டு மாணவருக்குப் பணம் தருவது அபூர்வம். பெர்க்லி, யூசிஎல்ஏ எல்லாம் அடங்கிய கலிஃபோர்னியா பல்கலைக்கழகம், எஸ்ஏடி என்ற அமெரிக்கக் கல்லூரி நுழைவுத் தேர்வின் மதிப்பெண்ணைப் பார்ப்பதே இல்லை, விண்ணப்பக் கட்டணம் வளாகத்துக்கு 95 டாலர். வெளி மாநில, வெளிநாட்டு மாணவரிடம் வழக்கமான கட்டணத்துக்கு மேல் வருடத்துக்கு 37,000 டாலருக்கு மேல் கூடுதலாக வாங்குகிறது, மொத்தம் 80,000 டாலரைத் தாண்டிவிடும். பணம் இருப்பவருக்கு அருமையான இடம். இல்லாதவர் ஐந்து வளாகத்துக்கு விண்ணப்பம் போட்டு, சீட் கிடைத்து, கட்ட முடியாமல் விடுவதில் என்ன லாபம்?

அலபாமா பல்கலைக்கழகம் நேர்மாறு. பள்ளி மதிப்பெண் சராசரி இவ்வளவு, எஸ்ஏடி இவ்வளவு இருந்தால் ஸ்காலர்ஷிப் இவ்வளவு என்று அட்டவணையே போட்டிருக்கிறார்கள். உங்கள் மதிப்பெண்ணை அதில் வைத்துப் பார்த்தால், விண்ணப்பிக்கும் முன்பே எவ்வளவு கட்ட வேண்டியிருக்கும் என்று தெரிந்துவிடும். டெக்சஸில் வேறு ஒரு வசதி: அரசுப் பல்கலைக்கழகத்தில் போட்டி அடிப்படையில் குறைந்தது 1,000 டாலர் ஸ்காலர்ஷிப் வாங்கிய வெளி மாநில மாணவரிடம், டெக்சஸ்காரர்கள் கட்டும் குறைந்த உள்ளூர்க் கட்டணம் மட்டும் வாங்கச் சட்டத்தில் இடம் இருக்கிறது, வெளிநாட்டவருக்கும் அது பொருந்தும். ஆயிரம் டாலர் ஸ்காலர்ஷிப் என்று கடிதம் வந்தால் அலட்சியமாகப் பார்க்காதீர்கள், அதன் வாலில் வருவதுதான் பெரிய தொகை. இந்த வழியில் சீட் கிடைக்கும் நிச்சயம் அதிகம், ஆனால் தள்ளுபடி எல்லாம் போகவும் தங்குமிடம், சாப்பாடு, காப்பீடு என்று பெரிய தொகை மிச்சம் நிற்கும். ஸ்காலர்ஷிப் தொடர வருடா வருடம் ஜிபிஏ, அதாவது கல்லூரி மதிப்பெண் சராசரி, குறையாமல் இருக்க வேண்டும் என்ற நிபந்தனையும் இருக்கும். முதல் செமஸ்டரில் சறுக்கினால் அப்பா கட்ட வேண்டிய தொகை ஏறும்.

நான்காவது, கம்யூனிட்டி காலேஜ் எனப்படும் இரண்டு வருடக் கல்லூரி. இரண்டு வருடம் டி ஆன்சா, ஃபுட்ஹில், சாண்டா மோனிகா மாதிரி ஓர் இடத்தில் படித்துவிட்டு மூன்றாம் வருடத்துக்குப் பல்கலைக்கழகம் மாறுவது. எஸ்ஏடி வேண்டாம், சீட் கிட்டத்தட்ட உறுதி, கல்விக் கட்டணம் வருடத்துக்குப் பத்தாயிரம் டாலரை ஒட்டித்தான். அப்புறம் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் ஆறு வளாகங்கள், சொன்ன மதிப்பெண்ணோடு சொன்ன பாடங்களை முடித்தால் இடம் உறுதி என்று எழுதியே தருகின்றன. டேவிஸ், அர்வைன், சாண்டா பார்பரா எல்லாம் அதில் உண்டு. பெர்க்லி, லாஸ் ஏஞ்சலஸ், சான் டியேகோ இல்லை. டேவிஸில் கம்ப்யூட்டர் சயின்ஸ் மாதிரி சில துறைகளுக்கும் இந்த உறுதி கிடையாது, துறையையும் சேர்த்தே விசாரியுங்கள்.

இதை மலிவான வழி என்று விற்கிறார்கள், பாதி உண்மை. முதல் இரண்டு வருடம் மலிவு, அதுவும் கல்விக் கட்டணம்தான் மலிவு, டி ஆன்சா இருக்கும் குப்பர்டினோவில் வாடகை அப்படியில்லை. மூன்றாம், நான்காம் வருடம் நான் மேலே சொன்ன அதே 80,000 டாலர் கணக்குக்குள் போய் விழுகிறீர்கள், மாறி வரும் வெளிநாட்டு மாணவருக்கு அங்கே உதவி என்று எதிர்பார்க்க ஒன்றுமில்லை. நான்கு வருடத்தையும் கூட்டிப் பார்க்காமல் முதல் வருடத் தொகையை மட்டும் பார்த்து விமானம் ஏறாதீர்கள். பள்ளியில் மார்க் சுமார், ஆனால் வீட்டில் பணம் இருக்கிறது என்றால் நான்கிலும் இதுவே நல்ல வழி.

இப்போது எர்லி டிசிஷன். நவம்பர் 1 அல்லது 15-க்குள் ஒரே ஒரு கல்லூரிக்கு, கிடைத்தால் கண்டிப்பாக வருவேன் என்று மாணவரும் பெற்றோரும் பள்ளியும் கையெழுத்துப் போட்டு அனுப்புவது. டிசம்பர் நடுவில் முடிவு தெரியும். இந்த ஒரே வாய்ப்பைப் பலரும் ஆசைக்காகப் பிரவுனுக்கோ டார்ட்மவுத்துக்கோ செலவழிக்கிறார்கள். என் கணக்கில் அதை இரண்டாவது வகைக் கல்லூரிக்குத்தான் வைக்க வேண்டும், ஏனென்றால் நவம்பரில் அவர்களுடைய உதவிப் பணம் இன்னும் செலவாகவில்லை, நிச்சயம் வருவேன் என்று சொல்லும் மாணவருக்கு அவர்களிடம் மதிப்பும் அதிகம். கொடுத்த உதவி போதவில்லை என்றால் அந்தக் காரணத்தைச் சொல்லி விலகிக்கொள்ளலாம், அதனால் கட்டுப்பட்டுவிட்டோமே என்ற பயம் தேவையில்லை. ஹார்வர்ட், யேல், பிரின்ஸ்டனில் முன்கூட்டி விண்ணப்பிப்பது கட்டுப்படுத்தாது. ஆனால் அங்கே போட்டால் வேறு தனியார் கல்லூரிக்கு எர்லி போட முடியாது, அதாவது கிரினெல் வாய்ப்பும் போய்விடும். ஜனவரியில் இரண்டாம் சுற்று எர்லி டிசிஷன் வைத்திருக்கும் கல்லூரிகள் உண்டு, டிசம்பரில் தவறியவருக்கு அது உதவும்.

தேவையை மறைத்துச் சேர்ந்துவிட்டு அப்புறம் கேட்டுக்கொள்ளலாம் என்கிற யோசனையை யாராவது சொன்னால் கேட்காதீர்கள். விண்ணப்பத்தின்போது உதவி கேட்காத வெளிநாட்டு மாணவருக்கு அடுத்த வருடங்களில் தருவதில்லை என்பது பல கல்லூரிகளில் எழுதப்பட்ட விதி. கேட்பதென்றால் சிஎஸ்எஸ் ப்ரொஃபைல் என்ற படிவம்: அப்பா அம்மா வருமானம், வருமான வரி கணக்கு, வீடு, நிலம், வங்கி இருப்பு எல்லாம் கேட்கும். முதல் கல்லூரிக்கு 25 டாலர், அடுத்தடுத்து ஒவ்வொன்றுக்கும் 16. கேட்டால் சில கல்லூரிகள் கட்டண விலக்குத் தருகின்றன. சம்பளச் சீட்டு இல்லாத கடைக்காரர், விவசாயி வீட்டுப் பிள்ளைக்கு இதுதான் கட்டுரையைவிடப் பெரிய வேலை, செப்டம்பரிலேயே ஆடிட்டரைப் பார்த்துவிடுங்கள். கிரினெல்லும் ஸ்மித்தும் விண்ணப்பக் கட்டணமே வாங்குவதில்லை, அது ஒரு ஆறுதல்.

சரி, எதை எடுப்பது? வருடத்துக்குப் பத்துப் பன்னிரண்டு லட்சம் ரூபாய் வீட்டால் முடியும், மார்க்கும் நன்றாக இருக்கிறது என்றால் இரண்டாவது வகையில் எட்டுப் பத்து, அதில் ஒன்று எர்லி. முதல் வகையில் இரண்டு மூன்று. இருபத்தைந்து முப்பது லட்சம் முடியும் என்றால் மூன்றாவது வகையைச் சேர்த்துக்கொள்ளுங்கள், இரண்டாவது வகையிலும் நீங்கள் கேட்கும் தொகை குறைவு என்பதால் கை ஓங்கும். ஒன்றுமே முடியாது என்றால் முதல் வகை, பெரியா, இரண்டாவது வகையில் அதிகம் தருகிற சில இடங்கள்; கூடவே அண்ணா பல்கலைக்கழகக் கவுன்சலிங்கையும் முழு மனதோடு தயாராக வைத்திருங்கள், மார்ச்சில் எல்லா இடத்திலிருந்தும் இல்லை என்று பதில் வருவது நடக்கக்கூடிய விஷயம்.

கன்சல்டன்சிக்குப் போகிறவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். நம்மிடம் ஃபீஸ் வாங்காத ஏஜென்ட் பல்கலைக்கழகத்திடம் கமிஷன் வாங்குகிறார். முதல் வகைக் கல்லூரிகள் கமிஷன் தருவதில்லை, இரண்டாவது வகையிலும் அது வழக்கமில்லை, அதனால் அவர் தரும் லிஸ்ட்டில் அந்தப் பெயர்கள் இருக்காது. சென்னையில் யூஎஸ்ஐஇஎஃப் என்ற இந்திய-அமெரிக்கக் கல்வி அமைப்பின் அலுவலகத்தில், எஜுகேஷன்யூஎஸ்ஏ என்ற அமெரிக்க அரசின் ஆலோசனைச் சேவையின் ஆலோசகர்கள் இருக்கிறார்கள், கமிஷன் இல்லாத ஆட்கள்; முதலில் அங்கே கேட்டுவிட்டு அப்புறம் ஏஜென்ட்டிடம் போங்கள்.