திருகோணமலைக்கு 159 ஆண்டுகள் கழித்து வந்த வங்கி

பாரத ஸ்டேட் வங்கியின் திருகோணமலைக் கிளையை இந்திய நிதியமைச்சர் நிர்மலா சீதாராமன் 2023 நவம்பரில் நேரில் வந்து திறந்து வைத்தார். இக்கிளையில் கணக்குத் தொடங்கலாமா என்று கேட்போருக்கு, வட்டி வீதத்தோடு இலங்கையில் அவ்வங்கி கடந்து வந்த பாதையையும் பாருங்கள் என்றே சொல்வேன்.

அதன் முன்னோடியான மதராஸ் வங்கி கொழும்பில் காலூன்றிய 1864ஆம் ஆண்டு, கோப்பித் தோட்டங்கள் செழித்திருந்த காலம். ஐந்தே ஆண்டுகளில் இலைநோய் பரவத் தொடங்கியது. தோட்டங்களுக்குக் கடன் கொடுத்திருந்த ஓரியண்டல் வங்கி 1884 மே மாதம் கதவை மூடியபோது, அது வெளியிட்ட நாணயத்தாள்களை வைத்திருந்தவர்கள் கலங்கிப் போக, ஆளுநர் ஆர்தர் கோர்டன் அவற்றுக்கு அரசே பொறுப்பு என்று அறிவித்து நிலைமையைக் காப்பாற்றினார். அந்தப் புயலைத் தாண்டி நின்ற மதராஸ் வங்கி, 1921இல் வங்காள, பம்பாய் வங்கிகளுடன் இணைந்து இம்பீரியல் வங்கியாகி, 1955இல் இன்றைய பெயரைப் பெற்றது. 2022 நெருக்கடியில் உணவுக்கும் மருந்துக்குமாக இலங்கைக்கு 100 கோடி டொலர் கடன்வசதி வந்ததும் இவ்வங்கியின் வழியாகத்தான்.

ஆகவே, நிலைத்து நிற்கும் திறனில் எனக்கு ஐயமில்லை. வங்கி முறிந்தால் வைப்பாளருக்கு ஈடு தரும் இலங்கை மத்திய வங்கியின் வைப்புக் காப்புறுதியும் ஒருவருக்கு 11 இலட்சம் ரூபாய் வரை உண்டு. இந்தியாவுடன் வணிகம் செய்வோர் தயங்காமல் நாடலாம்.

ஆனால் வெளிநாட்டு வங்கிகளின் பழைய குறை ஒன்றையும் மறக்கலாகாது. அக்காலத்தில் அவை தமிழகத்திலிருந்து வந்து வட்டித் தொழில் செய்த செட்டிமாருக்குக் கடன் கொடுக்க, செட்டிமார் கூடிய வட்டிக்கு உள்ளூர் மக்களுக்குக் கொடுத்தனர். சாதாரண மக்கள் வங்கிப் படியேற இயலவில்லை. 1934ஆம் ஆண்டின் வங்கி ஆணைக்குழு இக்குறையை ஆராய்ந்த பின்னரே 1939இல் இலங்கை வங்கி பிறந்தது.

இன்றும் அரசின் அனுமதிப்பத்திரத்தில் கிடைத்த காணியில் வாழும் மூதூர் விவசாயிக்குப் பிணை வைக்கக் காணி உறுதிப் பத்திரம் இல்லை. மனைவியின் காப்பை அடகு வைத்துத்தான் பெரும்போகத்துக்கு விதைநெல்லும் பசளையும் வாங்குகிறார். புதிய கிளை பெரிய இறக்குமதியாளரோடு நின்றுவிடாமல், அறுவடையையும் மீன்பிடி வருமானத்தையும் கணக்கிலெடுத்துச் சிறு கடன் வழங்க முன்வருமானால், என் சேமிப்புக் கணக்கையும் அங்கேயே மாற்றுவேன்.